சுண்ணமும் சவர்க்காரமும்

அரியாலையின் கீழ்பாற் கடனீரேரிக் கரையை அடுத்துப் பூம்புகார் என்னும் பெயருடைய குடியிருப்பு ஒன்று உளது. அப்பெயரைக் கேட்கும் மாணவன் எவனும் காவிரிப்பூம்பட்டினத்தையும் கோவலனையும் மாதவியையும் நினையாதிரான். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையிலே, ஊடிய கோவலனை மகிழ்விக்கும் பொருட்டு மாதவி தன் கூந்தலை ஆட்டிய நீர் எத்தகையது என்பதை இளங்கோவடிகள் விரித்துரைக்கின்றார். பத்துவகைத் துவரும், ஐந்துவகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நன்னீர் அது. பாட்டளவில் நின்றிருந்தால் இவை வெறும் எண்களாகவே எஞ்சியிருக்கும். அடியார்க்குநல்லார் ஒவ்வொன்றையும் பெயர் சுட்டி எண்ணிக் காட்டினார். அவ்வுரையை உ. வே. சாமிநாதையர் 1892 ஆம் ஆண்டிலே அச்சேற்றினார். ஆதலின் பழந்தமிழ்ப் பெண்ணொருத்தியின் நீராட்டுப் பொருள்கள் யாவை என இன்றும் நாம் ஐயமறக் கூறல் இயல்கின்றது.

அப்பத்துத் துவராவன: பூவந்தி ஒன்று, கடுக்காய், நெல்லி, தான்றி ஆகிய திரிபலை மூன்று, கருங்காலி ஒன்று, நாவல் ஒன்று, ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகிய நாற்பால் மரம் நான்கு. இவற்றுள் முதற்கண் நிற்கும் பூவந்தியே நுரைதரும் காயாகும். அதன் தோலை நீரில் ஊறவைத்துப் பிசைந்தாற் சவர்க்காரம்போல நுரை எழும். ஏனைய ஒன்பதும் தோலைச் சுருக்கி இறுக்கும் துவர்ப்புடையன. விரை ஐந்தும் கொட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்பன. இவை மணத்தின் பொருட்டாயின. அழுக்கு நீக்குவது ஒன்று, தோலை இறுக்குவது ஒன்று, மணமூட்டுவது ஒன்று என மூன்று தொழிலுக்கும் வெவ்வேறு பொருள் வகுத்த அறிவு ஈண்டுப் புலனாகின்றது. இக்காலத்து அங்காடியில் மூன்று போத்தல்களில் மூன்று விலைக்கு விற்கப்படுவனவும் இவையே.

சுண்ணம் என்னும் பொடியைப் பற்றிய செய்தி இதனினும் சுவையுடையது. சீவக சிந்தாமணியிலே குணமாலையும் சுரமஞ்சரியும் இராசமாபுரத்து வணிகர் மகளிர், உயிர்த்தோழியர். வேனிற்காலத்து நீராட்டு விழாவுக்கு இருவரும் தனித்தனியே சுண்ணம் இடித்தனர். எவருடைய சுண்ணம் சிறந்தது என்று வழக்குண்டாயிற்று. தோற்றவள் அவ்விழாவிற் புதுநீர் ஆடலாகாது என்பது அவர்களிடைச் சூள். தோழியர் சுண்ணத்தை ஏந்தி அறிந்தாரிடமெல்லாம் செல்ல, இறுதியில் சீவகனிடம் வழக்கு வந்தது. அவன் இரண்டையும் பார்த்துக் குணமாலையின் சுண்ணமே சிறந்தது என்றான். சுரமஞ்சரியின் தோழி அதனை ஏற்றிலள். உடனே அவன் இரண்டையும் வானில் எறிந்தான். வண்டுகள் குணமாலையின் சுண்ணத்தை மொய்த்து உண்டன. மற்றையது நிலத்தில் வீழ்ந்தது. சுரமஞ்சரி நீராடாமலே மனைக்கு மீண்டு, ஆடவரைக் காண்பதில்லையென உறுதி பூண்டாள். ஒரு பிடி பொடியின் பொருட்டு இருவரது நட்பு முறிந்தது.

இக்கதையிற் கற்போர் பெரும்பாலும் வண்டுகளையே நினைவிற் கொள்வர். ஆயினும் திருத்தக்கதேவர் கூறும் காரணமே கருதத் தக்கது. குணமாலையின் சுண்ணம் கோடையில் இடிக்கப்பெற்றது. சுரமஞ்சரியினுடையது குளிர்காலத்தில் இடிக்கப்பெற்றது. பொருள்களிற் குறையில்லை, காலத்திலேயே குறை. இது கவிஞர் கற்பனையன்று. உரலும் உலக்கையும் கையாண்டார் யாவரும் அறிந்த உண்மையாகும். ஈரப்பதன் மிக்க காற்றில் இடித்த பொடி கட்டிபட்டு, மணமிழந்து, சின்னாளிற் பூஞ்சணம் பற்றும். யாழ்ப்பாணத்திலும் மாவகைகளை இடித்து வெயிலிற் காயவைப்பதற்கு உரிய காலம் பங்குனியும் சித்திரையுமேயன்றி, வாடையோடு மழை பெய்யும் கார்த்திகையன்று. சமணத் துறவியாகிய புலவர் அடுக்களைப் பக்குவத்தை இத்துணை நுணுக்கமாக அறிந்தமை வியப்பே.

சமயத் துறையிலும் சுண்ணத்துக்கு இடமுண்டு. மணிவாசகர் தில்லையில் அருளிய திருப்பொற்சுண்ணம் இருபது பாடல்களையுடையது. இறைவன் திருமுழுக்குக்குப் பொற்சுண்ணம் இடிக்கும் மகளிர் பாடும் பாட்டாக அது அமைந்துள்ளது. யாழ்ப்பாணத்துச் சைவாலயங்களிலே தீர்த்தத் திருநாட் காலையிற் சுண்ணமிடித்தல் ஒரு கிரியையாக நடைபெறுகின்றது. உரலுக்கும் உலக்கைக்கும் பூசை செய்து, மஞ்சளும் நறும்பொருள்களும் இட்டு, திருப்பொற்சுண்ணம் ஓதப்படும்போது இடிப்பர். அப்பொடி சுவாமிக்குச் சாத்தப்பட்டபின் அடியார்க்கு வழங்கப்படும். சித்திரை வருடப்பிறப்பன்று ஆலயங்களிற் பெற்றுத் தலையிலே தேய்த்து முழுகும் மருத்துநீரும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு, பால் முதலியன அதிற் சேரும். கலியாணத்துக்கு முன் மணமக்களுக்கு உறவினர் பாலும் அறுகும் வைத்து முழுகவார்ப்பதும் ஈண்டு நினைக்கத் தக்கது.

ஆலயத்தை விட்டு மனைக்கு வருவோம். யாழ்ப்பாணத்து வீட்டிலே முகத்துக்கும் மேனிக்கும் தேய்க்கும் பொடியின் அடிப்படை பயறு. பச்சைப்பயற்றை வெயிலிற் காயவைத்துத் திரிகையில் உடைத்து, உரலில் இடித்து, அரிதட்டில் அரித்தெடுப்பர். பணியாரத்துக்கு வேண்டிய பயற்றம்மாவுக்குப் பயறு வறுக்கப்படும். தேய்க்கும் மாவுக்கு வறுப்பதில்லை. அதனோடு கஸ்தூரி மஞ்சள், உலர்ந்த ஆவரசம்பூ, வேப்பிலை, தோடம்பழத்தோல் என்பவற்றுள் வீட்டில் உள்ளது சேரும். குழைப்பது பாலிலோ தயிரிலோ. குழந்தைக்காயின் மஞ்சளின் அளவு குறையும். தலைக்கு வேறாக அரப்பு உண்டு: சீயாக்காயும் வெந்தயமும் தேசிக்காயும் அவித்து அம்மியில் அரைத்த குழம்பு அது. சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகுவார்க்கு இவ்விரண்டும் இன்றியமையாதன. எண்ணெயைத் தோலிலிருந்து எடுப்பது மாவின் முதற்றொழில். வடமொழி மருத்துவ நூலார் உத்வர்த்தனம் என வழங்குவது இப்பொடி தேய்த்தலையே. தோலின் ஒளிக்கும் உடற்கொழுப்பைக் குறைத்தற்கும் அது நன்றென அட்டாங்க இருதயம் நாளொழுக்கப் பகுதியிற் கூறும். யாழ்ப்பாணத்து அரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்களை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை பதிப்பித்து நமக்கு உதவினார். ஆயின் பயற்றமாவைப் பற்றிய அறிவு ஏட்டினும் பார்க்கத் தாயிடமிருந்து மகளுக்கே மிகுதியும் சென்றது. பிறரால் எழுதப்படாமைக்கு அதுவும் ஒரு காரணம் போலும்.

சவர்க்காரம் மலிவாகக் கிடைத்த பின்னரும் யாழ்ப்பாணத்தில் மாவும் அரப்பும் நெடுங்காலம் நிலைத்தமைக்குக் காரணம் யாது? பழைமைப் பற்று எனக் கூறுவார் உளர். அது முழு உண்மையன்று. விடை கிணற்றில் உளது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். ஆறு இல்லாத இந்நாட்டில் மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளினூடு இறங்கித் தேங்குகின்றது. அந்நீரையே நாம் கிணற்றில் அள்ளுகின்றோம். கல்லினூடு வரும் நீர் கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு வருமாதலின் அது வன்னீராகின்றது. சவர்க்காரமோ கொழுப்பமிலத்தின் உப்பு. வன்னீரிற் கல்சியம் அதனோடு கூடிக் கரையாத வெண்படிவாக மாறும். நுரை எழாது, எழுந்தாலும் நில்லாது. தேய்த்த சவர்க்காரத்தின் ஒரு பகுதி தோலிலும் மயிரிலும் பிசுக்காகப் படியும். அரியாலை போன்று கடனீரேரியை அடுத்த ஊர்களிலே நீர் உவராகும் கிணறுகளும் உள. உவர்நீரில் இத்துன்பம் இன்னும் மிகும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கட்டப்பெற்ற தடுப்பணைகள் கடல்நீர் உட்புகுவதைத் தடுத்து நீரேரிகளை நன்னீராக்கும் நோக்குடையன. யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று பொறியியலாளர் ச. ஆறுமுகம் வகுத்த பெருந்திட்டமும் இக்குறையைத் தீர்க்க எழுந்ததேயாம்.

சீயாக்காயிலும் பூவந்தியிலும் நுரை தருவது சப்போனின் என்னும் பொருள். அது கல்சியத்தோடு கூடிப் படிவதில்லை. ஆதலின் வன்னீரிலும் நுரைக்கும். பயற்றமாவோ நுரையையே வேண்டுவதன்று. அதன் நுண்டுகள்கள் எண்ணெயை உறிஞ்சுகின்றன. அவற்றின் சொரசொரப்புத் தோலின் மேலுள்ள இறந்த படையை உரைத்து நீக்குகின்றது. சுண்ணம் என்னும் சொல் பொடிக்கும் சுண்ணாம்புக்கும் பொதுப் பெயர். கிணற்றுச் சுண்ணம் சவர்க்காரத்தை வெல்ல, உரற்சுண்ணம் அதனால் வெல்லப்படாது நின்றது எனலாம். நம் பாட்டிமார் இரசாயனம் பயின்றிலர். எதனால் உடல் துப்புரவாயிற்று என்பதை மட்டும் கண்டறிந்தனர்.

இது தமிழர்க்கு மாத்திரம் உரிய அறிவு என்று பெருமை பாராட்டுதல் பொருந்தாது. உரோமப் பெண்டிர் அவரைமாவாலாகிய லொமெந்தும் என்னும் பொடியை மேனிக்குப் பூசினர். சீனத்திலே ‘குளியற் பயறு’ எனப் பொருள்படும் பெயரால் பயற்றுப் பொடிகள் வழங்கின. ஏழாம் நூற்றாண்டு மருத்துவர் சுன் சிமியாவோ அவற்றின் செய்முறைகளைத் தம் நூலில் எழுதிவைத்துள்ளார். யப்பானியர் அரிசித் தவிட்டைச் சிறு துணிப்பையிற் கட்டி முகம் தேய்த்தனர். பயறு விளையும் நாடெங்கும் பயறு தோலைத் துலக்கும் என்பது தானே கண்டறியப்பட்டதாகும்.

இனிச் சவர்க்காரத்தின் வரவு. சிங்களர் வழங்கும் ‘சபன்’ போர்த்துக்கேயச் சொல்லின் வழி வந்தது. தமிழ்நாட்டார் ‘சோப்பு’ என்பர். ஈழத்துத் தமிழரோ உவர்ப்பையும் காரத்தையும் குறிக்கும் பழஞ்சொல்லாகிய சவர்க்காரத்தையே புதுப்பொருளுக்கும் ஏற்றினர். பொருள் கடல் கடந்து வந்ததாயினும் பெயர் இங்கேயே இருந்தது. சன்லைற் சவர்க்காரம் இங்கிலாந்தில் 1884 இல் எழுந்தது. லக்சு 1925 இல். லீவர் சகோதரர் நிறுவனம் 1938 இற் கொழும்பில் நிலைகொண்டது. மைசூரிலே முதல் உலகப் போரின்போது சந்தனக்கட்டை ஏற்றுமதி தடைப்பட, அரசு 1916 இற் சந்தனத் தைல ஆலையை நிறுவிற்று. அதன் பின் விளைவே மைசூர்ச் சந்தனச் சவர்க்காரம். யாழ்ப்பாணத்திலும் மில்க்வைற் சவர்க்காரத் தொழிலகம் தோன்றியது. அதன் அதிபர் க. கனகராசா சவர்க்காரத்தாற் போலவே பனைவிதை நடுகையாலும் அறியப்பட்டவர். இவ்வாறு ஒரு தலைமுறைக்குள் அரப்புச் சட்டி அடுக்களை மூலைக்குச் சென்றது. அரைத்தல், இடித்தல், அரித்தல் ஆகிய வேலைகளிலிருந்து பெண்கள் சற்று ஓய்ந்தனர் என்பதையும் மறைத்தல் நீதியன்று. பழைய பொடிகளைப் புகழ்ந்தெழுதுவோருட் பலர் உலக்கை பிடித்தறியாதவர்.

பின்னர் 1990 ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. வடக்குக்குப் பொருள்கள் செல்வது தடைசெய்யப்பட்டது. மண்ணெண்ணெய், மின்கலம், மெழுகுதிரி முதலியவற்றோடு சவர்க்காரமும் தடைப்பட்டியலில் இடம்பெற்றது. கிடைத்த கட்டி பன்மடங்கு விலைக்கு விற்றது. அப்பொழுது மூலையிற் கிடந்த அறிவு மீண்டும் வேண்டப்பட்டது. ஆவணி, புரட்டாதி மாதங்களிற் பனம்பழத்தைப் பிசைந்து அக்களியால் உடை தோய்த்தனர். அக்களியிலும் நுரை எழும். அதிலுள்ள கைப்புப் பொருள் ஒரு வகைச் சப்போனின். பிளாபெல்லிபெரின் எனப் பெயரிய அதனை ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். தலைக்குச் சீயாக்காயும் செவ்வரத்தம் இலையும் போயின. முகத்துக்குப் பயற்றமா போயிற்று. ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. பயறு உணவுமாகும். உணவு அருகிய காலத்திலே ஒரு பிடி பயற்றைக் குழந்தைக்குக் கஞ்சியாக்குவதா, மேனிக்குத் தேய்ப்பதா என்ற கேள்விக்கு விடை எல்லா வீட்டிலும் ஒன்றே. இயற்கைப் பூச்சு என இன்று விருப்பத்தின்பாற் செய்வதற்கும் அன்று வேறு வழியின்றிச் செய்ததற்கும் இடையிலுள்ள தொலைவு பெரிது.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தனர். அரியாலையையும் செம்மணி வெளியையும் கடந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நடந்தனர். அம்மியையும் உரலையும் எவரும் தூக்கிச் செல்லவில்லை. அடுத்த ஆண்டு மீண்டவர் பலருக்கு வீடே எஞ்சியிருக்கவில்லை. கையால் அரைக்கும் வழக்கம் குன்றியமைக்கு அங்காடியை மட்டும் காரணமாகக் கூறுவோர் இதனையும் எண்ணுதல் வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். இன்று முகப்பூச்சு என்றாலே வெண்மை பெறுதல் எனக் கருதப்படுகின்றது. சங்கப் புலவர் பெண்டிர் மேனிக்குச் சிறப்பாகக் கூறிய நிறம் மாமை. மாந்தளிரை ஒத்த கருமை கலந்த நிறம் அது. பிரிவாற் பசலை பாய்ந்து வெளிறுதலையே அவர் அழகின் அழிவாகக் கூறினர். மாதவியின் நீராட்டிலும் குணமாலையின் சுண்ணத்திலும் வெண்மை தேடப்படவில்லை; துப்புரவும் தண்மையும் மணமுமே தேடப்பட்டன. வெண்மையாக்கும் குழம்பு எனப் பெயர்பெற்ற பெயர் அன்ட் லவ்லி இந்தியாவில் 1975 இல் விற்பனைக்கு வந்தது. எதிர்ப்பு வலுக்கவே 2020 இற் குளோ அன்ட் லவ்லி எனப் பெயர் மாறிற்று. இதனினும் கொடியன, பெயரறியாத சில குழம்புகளிற் கலக்கப்படும் பாதரசச் சேர்மங்கள். அவை தோலிற் கருநிறம் உண்டாவதைத் தடுக்கும். அதனோடு சிறுநீரகத்தையும் கெடுக்கும். 2013 இற் கைச்சாத்தான மினமாட்டா உடன்படிக்கை அவற்றைத் தடுக்கின்றது. பயற்றமா எவரையும் வெள்ளையாக்குவதில்லை. அது அதன் குறையன்று.

ஆயினும் வீட்டிற் செய்வதெல்லாம் தீங்கற்றது எனக் கருதுவதும் பிழை. தேசிக்காய்ச் சாற்றை முகத்திற் பூசி வெயிலிற் சென்றால், அதிலுள்ள பொருள்கள் ஞாயிற்றொளியோடு கூடித் தோலைச் சுடும், கருந்தழும்பும் எஞ்சும். பருவுள்ள முகத்தைக் கரடான மாவால் உரைத்தால் புண் பரவும். ஆதலினாலேயே அரிதட்டு இன்றியமையாதது. குழைத்ததை நாள்கடந்து வைத்தல் ஆகாது. நீர் பட்ட மாவிற் கிருமி பெருகும். கடையில் வாங்கும் மஞ்சட் பொடியிற் கலப்படம் நேர்வதுமுண்டு. வங்காளதேசத்தில் நிறத்தைக் கூட்டும் பொருட்டு ஈயக் குரோமேற்றைக் கலந்தமை 2019 இல் வெளிவந்த ஆய்வொன்றிற் புலனாயிற்று. விரலி மஞ்சளாக வாங்கி வீட்டில் இடிப்பதே தக்கது. மேனாட்டு அங்காடிச் சுரண்டிகளின் நிலை வேறு. அவற்றிற் பயற்றுக்குப் பதிலாகச் சிறு பிளாத்திக்கு மணிகள் இடப்பட்டன. அவை வடிகால் வழியே கடல் சேர்ந்து மீனின் வயிற்றை அடைய, ஐக்கிய அமெரிக்கா 2015 இற் சட்டமியற்றி விலக்கிற்று.

மஞ்சளின் அண்மைக்கால வரலாறு தனியே எழுதத் தக்கது. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995 இல் அமெரிக்காவில் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூற்சான்றுகளைக் காட்டி எதிர்த்து, 1997 இல் அதனை நீக்குவித்தது. எழுதப்பட்டிருந்தமையால் அவ்வழக்கு வெல்லப்பட்டது என்பதை ஆராய்ச்சி மாணவர் கவனித்தல் நன்று. இலங்கையிலோ 2019 திசெம்பரில் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டிற் பெருந்தொற்றும் வர, ஒரு கிலோ மஞ்சள் சில ஆயிரம் ரூபாவுக்கு ஏறிற்று. முற்காலத்தில் முத்தும் சங்கும் கடந்த பாக்குநீரிணையில் மஞ்சள் மூடைகள் இரவிற் கடத்தப்பட்டன. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையிலும் கடற்படையினர் அவற்றைக் கைப்பற்றிய செய்தி நாளேடுகளில் இடையறாது வந்தது. கறிக்கே மஞ்சள் அரிதான அக்காலத்தில் முகத்துக்குப் பூசுவார் யார்? யாழ்ப்பாணத்து வீட்டு வளவுகளிலே, கிணற்று வாய்க்காலின் ஓரத்தில் வாழைக்கும் கருணைக்கும் இடையே மஞ்சட் கிழங்கு நடப்பட்டது. சித்திரை வைகாசியில் நட்டது தையிலும் மாசியிலும் இலை காய்ந்து கிண்டத்தக்க பருவம் எய்தும். அவித்து உலர்த்துவதற்குரிய வெயில் அதன் பின்னரே வரும். சீவகன் கூறிய கோடையும் அதுவே.